பேய்க்கணவாய்க் கையின் நரம்பைத் தேடுகிறவர்களுக்கு: காரைக்குடியில் ஸ்லைடு போட்டுத் தரும் ஒரு லேப்

காரைக்குடி செக்காலை ரோட்டிலிருந்து உள்ளே போகும் தெரு ஒன்றில் ஒரு சின்ன பயாப்சி லேப் இருக்கிறது. ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் கட்டி, தைராய்டு, கர்ப்பப்பைத் துண்டுகளை மெழுகில் பதித்து, சீவி, சாயமேற்றிக் கொடுப்பதுதான் அவர்கள் தொழில். நான் கொண்டுபோய்க் கொடுத்தது பேய்க்கணவாயின் கை. பாடப்புத்தகத்தில் ஆக்டோபஸ் என்று போட்டிருப்பார்களே, அதேதான். வேலை முடிந்து ஸ்லைடுகளும் கைக்கு வந்து, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தும் ஆகிவிட்டது. விலங்கியல் படிக்கிறவர்கள், சொல்லிக்கொடுக்கிறவர்கள், நரம்பு எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று தன் கண்ணால் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இந்த லேபுக்குத் தாராளமாகப் போகலாம். வரிசை தப்பாமல் வெட்டித் தருகிறார்கள் என்பதுதான் காரணம்.

லேபின் பெயரை எழுதவில்லை. லேபை நடத்தும் டாக்டரம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நோயாளிகளின் பயாப்சிதான் அவருக்கு முதல் வேலை. எங்களைப் போன்றவர்கள் வரிசை கட்டி நின்றால் அது தாமதமாகும் என்கிறார். சரியான பேச்சு. விசாரித்துக்கொண்டு போகிறவர்களுக்கு இடம் எளிதாகத் தெரிந்துவிடும்.

நான் தேவகோட்டையில் பிளஸ் டூவுக்கு விலங்கியல் எடுக்கிறேன். ஆக்டோபஸின் உடம்பில் ஏறத்தாழ 50 கோடி நியூரான்கள், அதாவது நரம்புச் செல்கள், இருக்கின்றன, அதில் மூன்றில் இரண்டு பங்கு எட்டுக் கைகளுக்குள் இருக்கிறது என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் வாயைப் பிளக்கிறார்கள். அந்த எண்ணிக்கை ஜே. இசட். யங் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி 1963-ல் வெளியிட்டது. இத்தாலியின் நேப்பிள்ஸ் கடல் ஆய்வு நிலையத்தில் பல ஆண்டுகள் ஆக்டோபஸை வைத்து வேலை செய்தவர் அவர். ஆனால் கைக்குள் மூளை வேலை நடக்கிறது என்று வாயால் சொல்வது வேறு, அந்த நரம்பைக் காட்டுவது வேறு. 2001-ல் ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தார் மூளையோடு தொடர்பு அறுத்த ஒரு கையில் நரம்புத்தண்டைத் தூண்டிப் பார்த்தார்கள். முழு ஆக்டோபஸ் கையை நீட்டும்போது எப்படி ஒரு வளைவு அடியிலிருந்து நுனிக்கு ஓடுமோ, அதே மாதிரி அந்தத் தனிக் கையிலும் ஓடியது. இதைக் கேட்ட ஒரு மாணவி, "அப்ப அந்த வயரிங் எங்க இருக்கு டீச்சர்?" என்றாள். அந்தக் கேள்விக்குப் படம் போதாது, ஸ்லைடு வேண்டும்.

நரம்பைத் தொடர்வது என்றால் என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். வீட்டில் வாழைத்தண்டு நறுக்குகிறவர்களுக்கு உடனே புரியும். வட்ட வட்டமாக நறுக்கும்போது ஒரு வட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே நார் இழுபடும். வட்டங்களை வெட்டிய வரிசையிலேயே அடுக்கி வைத்திருந்தால் ஒரு நாரை முதல் வட்டத்திலிருந்து கடைசி வட்டம் வரை பின்தொடரலாம். கலைத்துவிட்டால் எந்தப் புள்ளி எந்த நாரின் தொடர்ச்சி என்று யாராலும் சொல்ல முடியாது. நரம்பும் அப்படித்தான். 302 நியூரான்களே உள்ள ஒரு சின்னப் புழுவின் முழு நரம்பு இணைப்பையும் 1986-ல் கேம்பிரிட்ஜில் வெளியிட்டார்கள். அடுத்தடுத்த சீவல்களை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் படமெடுத்து, ஒவ்வொரு படத்திலும் நரம்பின் வெட்டுமுகத்தை அடையாளமிட்டு, கையாலேயே தொடர்ந்து செய்த வேலை அது. இன்று கணினி பெரும்பகுதியைச் செய்கிறது. ஆனாலும் சீவலின் வரிசை உடைந்தால் கணினிக்கும் வழி கிடையாது.

இதை வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முன்பு வேறொரு ஊரில், பெரிய லேப் ஒன்றில், இதே மாதிரி ஒரு கைத்துண்டைக் கொடுத்திருந்தேன். ஸ்லைடுகள் பளபளவென்று வந்தன, சாயம் அருமை. ஆனால் நல்லதாக வந்த சீவல்களை (லேபில் செக்ஷன் என்பார்கள்) மட்டும் பொறுக்கி ஒட்டியிருந்தார்கள். பயாப்சிக்கு அது போதும். நோய் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க ஒரு நல்ல சீவல் கிடைத்தால் போதுமே. எனக்கு அந்த ஸ்லைடுகளால் ஒரு நரம்பைக்கூட ஒரு மில்லிமீட்டர் தூரத்துக்குத் தொடர முடியவில்லை. கேட்டதற்கு, "எல்லாத்தையும் ஒட்டுனா யாரு பார்க்கிறது?" என்று திருப்பிக் கேட்டார்கள். கொடுத்த பணமும் போச்சு, கையும் போச்சு.

காரைக்குடி லேபில் மைக்ரோடோம் என்கிற சீவும் மெஷினைப் பார்க்கிற அண்ணன் ஐம்பதைத் தாண்டியவர். துண்டைக் கையில் வாங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வியிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. "டீச்சர், இதுல எது இடம் எது வலம்? அத இப்பவே சொல்லிருங்க. வெட்டுனதுக்கு அப்புறம் சொல்லிப் பிரயோஜனமில்ல." உறிஞ்சிகள் இருக்கிற பக்கம் கீழ், மறுபக்கம் மேல் என்று தெரிந்துவிடும். இடமும் வலமும்தான் சிக்கல். ஸ்லைடில் ஒரு செக்ஷன் புரண்டு ஒட்டிக்கொண்டால் இடப்பக்க நரம்பு வலப்பக்கம் போய்விடும். அவர் இந்தியன் இங்க் புட்டியை எடுத்து, ஒரு குச்சியால் கையின் இடப்பக்கத் தோலில் மட்டும் நீளவாக்கில் ஒரு கோடு இழுத்தார். மார்பகக் கட்டியை அறுத்து அனுப்பும்போது எந்த ஓரம் எது என்று தெரிய இப்படித்தான் மை தடவுவார்களாம். திசுவை மெழுகில் பதிக்கும் முன் முக்கியெடுக்கிற சாராயத்திலும் சைலீன் என்ற கரைப்பானிலும் அந்த மை கரையாது. இப்போது என் ஒவ்வொரு ஸ்லைடிலும் தோலின் ஒரு ஓரத்தில் கறுப்பாக ஒரு பொட்டு இருக்கிறது. மை எந்தப் பக்கமோ அது இடம். அவ்வளவுதான்.

சீவுகிற இடத்தில் நின்று பார்க்க விட்டார்கள். நம் ஊர் வெயிலில் மெழுகு இளகும் என்பதால் காலையில்தான் வெட்டுகிறார்கள். துண்டு பதித்த மெழுகுக் கட்டியை, அதாவது பிளாக்கை, ஐஸ் தட்டில் கவிழ்த்து வைத்து, துடைத்து, மைக்ரோடோமில் மாட்டியதும் அண்ணன் முதலில் செய்தது ஃபேனை நிறுத்தியது. கைப்பிடியைச் சீராகச் சுற்றச் சுற்ற பிளேடின் மேல் ஒரு சீவல் வந்து விழுகிறது. அடுத்தது அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வருகிறது. அப்படியே நாடா மாதிரி நீள்வதைத்தான் ரிப்பன் என்கிறார்கள். ஃபேன் ஓடினால் அது பறந்து சுருண்டுவிடும். அவர் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, ஈரமான பிரஷ் நுனியால் ரிப்பனைத் தாங்கி, கறுப்புத் தாளில் இடமிருந்து வலமாக வரிசை வரிசையாகப் படுக்க வைத்தார். அப்புறம் ஐந்து ஐந்தாகப் பிரித்து வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட, சுருக்கம் எல்லாம் விரிந்தது. கண்ணாடியைச் சரித்து உள்ளே விட்டு அப்படியே அள்ளினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கச்சி ஸ்லைடின் சொரசொரப்பான ஓரத்தில் பென்சிலால் எண் போட்டுக்கொண்டே வந்தது. பேனா மை சைலீனில் போய்விடுமாம். நடுவில் ஒரு செக்ஷன் கிழிந்தபோது அதைத் தூக்கி எறியவில்லை. நோட்டில் எண்ணைப் போட்டு "கிழிந்தது" என்று எழுதி, கிழிசலையும் ஸ்லைடில் ஏற்றினார். அந்த நோட்டுப் பக்கத்தின் நகலும் ஸ்லைடு பெட்டியோடு வந்தது. எனக்கு ஸ்லைடுகளைவிட அந்தத் தாள் பெரிசு.

பயாப்சியை வழக்கமாக 4 மைக்ரான் தடிமனில் சீவுகிறவர்கள் இவர்கள். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நான் 10 கேட்டேன். 5 மில்லிமீட்டர் நீளக் கைத்துண்டு, 10 மைக்ரான் வீதம், 500 செக்ஷன். ஸ்லைடுக்கு ஐந்து என்றால் 100 ஸ்லைடு. எல்லாவற்றுக்கும் சாயமேற்றினால் பணம் தாங்காது. ஐந்தாவது ஐந்தாவது ஸ்லைடுக்கு மட்டும் சாயம் போட்டு, மற்றதைச் சாயமில்லாமல் பெட்டியில் வைக்கலாம் என்று டாக்டரம்மா சொன்ன யோசனைதான் என்னைக் காப்பாற்றியது. சாயமேற்றியதைப் பார்த்துக்கொண்டே போய், எங்கே கிளை பிரிகிற மாதிரி தெரிகிறதோ அந்த இடைவெளியில் உள்ள ஸ்லைடுகளைத் திருப்பிக் கொடுத்துச் சாயமேற்றிக்கொள்ளலாம்.

என்ன தெரிந்தது? பள்ளி மைக்ராஸ்கோப்பின் குறைந்த உருப்பெருக்கத்திலேயே கையின் நட்டநடுவில் நரம்புத்தண்டு பளிச்சென்று தெரிகிறது. ஹீமடாக்சிலின் என்ற சாயம் ஏறி அடர் நீலமாக இருப்பது நியூரான்களின் உடல்கள் நெருக்கியடித்துக் கிடக்கிற விளிம்பு. அது உறிஞ்சிப் பக்கமாக ஒரு தொட்டில் போல வளைந்திருக்கிறது. உள்ளே வெளிர் இளஞ்சிவப்பாக இருப்பது இழைகள் பின்னிக்கிடக்கிற பகுதி. மேல்பக்கம், இரத்தக்குழாயை ஒட்டி, இரண்டு பெரிய உருண்டைகள். மூளைக்கும் கைக்கும் செய்தி கொண்டுபோகிற நீள இழைக்கட்டுகள் அவை. வெளியே தசைக்குள் தேடினால் சின்னதாக நான்கு நரம்புக்கம்பிகள், கீழே இரண்டு, மேலே இரண்டு. இவற்றைத் தசையிடை நரம்புத்தண்டுகள் என்கிறார்கள். முதல் ஸ்லைடில் கண்டுபிடிக்கச் சிரமப்பட்ட பிள்ளைகள் மை இருந்த பக்கத்தை வைத்துக்கொண்டு, எண் வரிசையில் ஸ்லைடை மாற்றி மாற்றி, கீழ்-இடப் பக்கத்து ஒன்றைத் துண்டின் முழு நீளத்துக்கும் தொடர்ந்துவிட்டார்கள். செல்போனைக் கண்ணருகு லென்ஸில் வைத்து எடுத்த படங்களை ஃபிஜி என்கிற இலவச மென்பொருளில் அடுக்கினோம். உறிஞ்சியின் அடியில் ஒரு சின்ன நரம்பு முடிச்சு உண்டு. தண்டிலிருந்து அதற்குப் போகிற கிளை பிரிவதை அடுக்கில் மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தபோது, வயரிங் எங்கே என்று கேட்ட பெண்ணே எழுந்துவந்து விரல் வைத்துக் காட்டினாள்.

அந்த நான்கு கம்பிகளுக்காகவே இந்த லேபுக்கு மறுபடியும் போகப் போகிறேன். கைகளின் அடியை இணைக்கும் நரம்பு வளையம் ஒன்று உண்டு என்பது பழைய செய்தி. 2022-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தார் சின்ன ஆக்டோபஸ்களை இப்படி வரிசைச் சீவல்களாக வெட்டிப் பார்த்து, தசையிடைத் தண்டுகள் கையோடு நின்றுவிடவில்லை என்று காட்டினார்கள். ஒரு கையின் தண்டு உடம்புக்குள் வந்து, அடுத்தடுத்து இருக்கிற இரண்டு கைகளைத் தாண்டி, மூன்றாவது கையின் தண்டோடு போய்ச் சேருகிறது. மூளைக்குப் போகாமலே ஒரு கை இன்னொரு கையோடு பேச வழி இருக்கலாம் என்பதை இந்தப் பாதை காட்டுகிறது. யங் காலத்திலிருந்து எத்தனை பேர் இந்த விலங்கை வெட்டிப் பார்த்திருப்பார்கள்! நூல் பிடித்த மாதிரி விடாமல் தொடர்ந்தவர்களுக்குத்தான் அது அகப்பட்டது. லேபின் பிளாஸ்டிக் கேசட்டுக்குள் அடங்குகிற அளவுக் குட்டி கிடைத்தால், எட்டுக் கையும் சேருகிற அடிப்பகுதியை அப்படியே வெட்டித் தர அண்ணன் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இன்னொரு துண்டை நீளவாக்கில் வெட்டச் சொல்லியிருந்தேன். அதற்கும் ஒரு சிகாகோ ஆய்வுதான் காரணம், 2025 ஜனவரியில் வந்தது. நரம்புத்தண்டின் செல் விளிம்பு ஒரே சீராக ஓடவில்லை, இடைவெளி விட்டுத் துண்டு துண்டாக அடுக்கியிருக்கிறது, அந்த இடைவெளிகள் வழியாகத்தான் நரம்புகள் தசைக்குப் போகின்றன என்று அதில் சொல்லியிருந்தார்கள். குறுக்குவெட்டில் இது பிடிபடாது. என் நீளவெட்டு ஸ்லைடில் நீலப் பட்டை கட்டை கட்டையாகப் பிரிந்து, நடுவே வெளிறிய கோடுகளோடு இருக்கிறது. சாதாரணப் பயாப்சிச் சாயத்திலேயே இவ்வளவு தெரியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

சரி, குறைகளையும் சொல்ல வேண்டும். உறிஞ்சியின் உட்புறம் கைட்டின் என்ற கெட்டியான பொருள் படிந்து விறைப்பாக இருக்கும். அந்த இடத்தில் பிளேடு இழுத்து நிறைய செக்ஷன்கள் கிழிந்திருக்கின்றன. உறிஞ்சியின் நரம்பைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும் என்கிறவர்களுக்கு இது பெரிய குறை. தசையும் கொஞ்சம் முறுகிப்போயிருக்கிறது. திசுவுக்குள் மெழுகு ஏற்றுகிற அவர்களுடைய மெஷின் ராத்திரி முழுக்க ஓடுவது மனிதத் திசுவுக்கு வைத்த நேரக்கணக்கில். கணவாய்த் தசைக்கு அதைக் குறைக்க வேண்டும், ஆனால் பயாப்சிகளோடு சேர்த்துப் போடும்போது தனியாக மாற்ற மாட்டார்கள். சில ஸ்லைடுகளில் கவர்ஸ்லிப்புக்கு அடியில் காற்றுக் குமிழ் இருக்கிறது. சொன்னால் மறுபடி போட்டுத் தருகிறார்கள். சொன்ன தேதிக்கு ஒரு தடவைகூடக் கிடைக்காது, அதை எதிர்பார்க்கவே வேண்டாம்.

இதைவிட முக்கியமான எல்லை ஒன்று இருக்கிறது. இந்தச் சாயத்தில் நரம்புக்கட்டு தெரியும், தனி இழை தெரியாது. ஒரு குறிப்பிட்ட நியூரானின் இழை எங்கே போய் முடிகிறது என்று பார்க்க வேண்டுமென்றால் யங் பயன்படுத்திய மாதிரி வெள்ளிச் சாயம் வேண்டும், இல்லையென்றால் டைஐ மாதிரி ஒளிரும் சாயம். டைஐ கொழுப்பில் கரைவது. ஃபார்மலினில் பதப்படுத்திய திசுவில் ஒரு துளி வைத்தால் நரம்பின் சவ்வு வழியே வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூட, மெல்லப் பரவி அந்த இழையை மட்டும் காட்டிக்கொடுக்கும். இந்த லேபில் நரம்புக்கான வெள்ளிச் சாயமும் கிடையாது, ஒளிர்வு மைக்ராஸ்கோப்பும் கிடையாது. மூளைப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு அதுவும் போதாது. ஆக்டோபஸ் நினைவை வைத்துக்கொள்ளும் மூளைப் பகுதியான செங்குத்து மடலில் மட்டும் இரண்டரைக் கோடிக்கு மேல் செல்கள். 2023-ல் ஹார்வர்டும் ஜெருசலேமும் சேர்ந்து அதன் ஒரு சின்னப் பகுதியை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் தொடர்ந்தபோது, பெரும்பாலான சிறு செல்கள் ஒவ்வொன்றுக்கும் உள்ளே வரும் இணைப்பு ஒன்றே ஒன்றுதான் என்று தெரிந்தது. ஒன்றா இரண்டா என்று எண்ணிச் சொல்லும் துல்லியத்துக்கு 10 மைக்ரான் சீவல் எந்த மூலைக்கு?

போகிறவர்கள் துண்டை எப்படிக் கொண்டுபோவது என்பதில் கவனம் வையுங்கள். பாதி வேலை அதில்தான் கெடும். மார்க்கெட்டில் ஐஸில் கிடந்த கணவாய் வேண்டாம், அதில் செல் விளிம்பு குழைந்துவிடும். நான் தொண்டிக்குப் போய், வலையில் மாட்டி வந்ததில் இறந்துபோன சின்னதைக் கேட்டு வாங்குகிறேன். "பெருசெல்லாம் ஏஜென்ட் எடுத்துக்கிருவாரும்மா, பொடிசு வேணா எடுத்துக்கங்க" என்று அங்கே ஒரு பாய் எடுத்து வைக்கிறார். உயிரோடு இருக்கிறதன் கையை வெட்டித் தரச் சொல்லி யாரும் கேட்காதீர்கள். வலி உணரும் உயிர் என்பதால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2010-ல் கொண்டுவந்த ஆய்வுவிலங்குச் சட்டத்தில் கணவாய் இனம் முழுவதையும் சேர்த்தது. கையை ஃபார்மலினில் அப்படியே போட்டால் சுருண்டுகொள்ளும். தென்னை ஈர்க்கில் நூலால் தளர்வாகக் கட்டிப் போட்டால் நேராக நிற்கும். ஃபார்மலின் துண்டைப் போலப் பத்து மடங்காவது இருக்கட்டும். மூடி இறுகிய பாட்டில், கையுறை, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடம், மூன்றும் கட்டாயம்.

செலவு இதுதான்: பிளாக் ஒன்றுக்கு 300 ரூபாய், சாயமேற்றிய ஸ்லைடு 60, சாயமில்லாதது 25. நான் சொன்ன 100 ஸ்லைடு வரிசைக்கு 20 சாயத்தோடு, 80 சாயமில்லாமல், பிளாக்கையும் சேர்த்து 3,500 ஆனது. பயாப்சி ரேட்டைவிடக் குறைவு. பள்ளிக்கூடம் என்று சொன்னதால் குறைத்தார்களா என்று கேட்டேன், எல்லா மாணவர்களுக்கும் இதே ரேட்தான் என்றார் டாக்டரம்மா. ஸ்லைடு வாங்கும்போது மிச்ச பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கேட்காவிட்டால் அவர்கள் அலமாரியிலேயே கிடக்கும். அந்த நோட்டுப் பக்கத்தின் நகல் பெட்டிக்குள் இருக்கிறதா என்று அங்கேயே திறந்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் மைக்ரோடோம் அண்ணன் இருக்க மாட்டார்.